பிழைக்கு என்று ஒரு கட்டம்

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களின் ஸ்கோர்போர்டில், ஒன்பது இன்னிங்ஸுக்கான கட்டங்கள் முடிந்த பிறகு வலது ஓரத்தில் மேலும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவதில் அணி எடுத்த ரன்கள், இரண்டாவதில் ஹிட்கள் (எதிரணியின் பிழையின்றி பேட்டர் பேஸை எட்டும் அடிகள்), மூன்றாவதில் பிழைகள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த மூன்றாவது கட்டம் புதிது. ஸ்லிப்பில் நிற்பவர் கைக்கு வந்த கேட்சைக் கோட்டைவிட்டால் பார்வையாளர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், வர்ணனையாளர் பத்து நிமிடம் அதையே பேசுவார். ஆனால் மறுநாள் நாளிதழில் வரும் ஸ்கோர் அட்டையில் அதன் தடயம் இருக்காது. பேஸ்பாலில் அப்படித் தப்பிக்க முடியாது. தவறவிட்டவரின் பெயர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பதிவேட்டில் ஏறிவிடும். நூறு ஆண்டுகள் கழித்தும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குவழக்கு இன்றைய வடிவத்தைப் பெறுவதில் பெரும்பங்கு வகித்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த அவர், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்திகளை எழுதிக்கொண்டிருந்து பிறகு பேஸ்பாலுக்கு வந்தவர் என்பது சுவையான செய்தி. எது பிழை, எது பிழையில்லை என்பதை மைதானத்தில் நிற்கும் நடுவர் முடிவு செய்வதில்லை. மேலே அமர்ந்திருக்கும் பதிவாளர்தான் முடிவு செய்கிறார். சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தை ஒரு ஃபீல்டர் நழுவவிட்டால் அது பிழை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவில் தொடப்படாமல் விழுந்தால் பெரும்பாலும் அது யார் கணக்கிலும் எழுதப்படாது. கவனக்குறைவும், விதியை மறந்ததும், பந்தெறியத் தவறான பிட்சரைத் தேர்ந்தெடுத்த மேலாளரின் முடிவும் அந்தக் கட்டத்துக்குள் வருவதேயில்லை.

ஆனால் அலுவல் பதிவேட்டுக்கு இணையாக ரசிகர்களின் மனத்தில் இன்னொரு பதிவேடு உண்டு. அதில் ஒரு பெருந்தோல்விக்கு ஒரே ஒரு பிழைதான்; அதுவும் ஒரே ஒருவர் பெயரில்தான். பேஸ்பால் வரலாற்றில் மறக்க முடியாதவை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தருணங்களில் பல இந்த இரண்டாம் பதிவேட்டில் இருப்பவை. வேடிக்கை என்னவென்றால், அதில் எழுதப்பட்ட பழி பொருந்தாது என்பதற்கான சான்று பெரும்பாலும் முதல் பதிவேட்டிலேயே கிடைக்கிறது.

இதற்கு ஆட்டத்தின் அமைப்பே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. முன்னணியில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்தி வென்றுவிட முடியாது. கடைசி அவுட்டை எடுத்தே ஆக வேண்டும். கால்பந்தில் ஒரு கோலுக்கு முன் பத்துக் கால்கள் பந்தைத் தொட்டிருக்கும், பழியும் பத்தாகப் பிரிந்துவிடும். பேஸ்பாலிலோ எல்லாரும் அசையாமல் நிற்க, பிட்சர் ஒரு பந்தை எறிகிறார், பேட்டர் அதை அடிக்கிறார், அது ஒருவரை நோக்கிப் போகிறது. அந்த நொடியில் மைதானம் முழுவதும் அவர் ஒருவரையே பார்க்கிறது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அப்படிப் பார்க்கப்பட்டவர் ஃபிரெட் மெர்க்கிள். வயது 19. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில், ஓடுபவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதான முதல் பேஸைக் காக்கும் வழக்கமான வீரருக்கு முதுகுவலி என்பதால் அன்றைக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. இரு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீகின் பட்டத்துக்கு ஜயன்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஆகிய மூன்று அணிகளும் தோளோடு தோள் உரசி ஓடிக்கொண்டிருந்த பருவம் அது. கப்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம், ஜயன்ட்ஸ் பேட் செய்த ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் 1-1 என்று நின்றது. ஜயன்ட்ஸுக்கு இரண்டு பேர் அவுட்; மூன்றாமவர் அவுட்டானால் அவர்கள் முறை முடியும். முதல் பேஸில் மெக்கார்மிக் நின்றார். மெர்க்கிள் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்கு வர, மெக்கார்மிக் மூன்றாவது பேஸுக்குப் போனார். அடுத்து வந்த பிரிட்வெல் அடித்த பந்து நடுக்களத்தில் விழுந்தது. மெக்கார்மிக் ஓடிவந்து, ரன்னுக்குக் கடைசியாகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டை மிதித்தார். வெற்றி என்று எண்ணிய கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்த மெர்க்கிள், கூட்டத்தைக் கண்டதும் அதைத் தொடாமலேயே உடைமாற்றும் அறைப் பக்கம் திரும்பிவிட்டார்.

இங்கே விதியைச் சற்று விளக்க வேண்டும். பேட்டர் பந்தை அடித்து முதல் பேஸுக்கு ஓடும்போது, அங்கே ஏற்கெனவே நிற்பவர் அதைக் காலி செய்துவிட்டு இரண்டாவது பேஸுக்குப் போயாக வேண்டும். அவர் அதைத் தொடுவதற்கு முன் எதிரணி வீரர் ஒருவர் பந்தோடு அந்த பேஸை மிதித்துவிட்டால் அவர் அவுட். அதற்கு ஃபோர்ஸ் அவுட் என்று பெயர். மூன்றாவது அவுட் இந்த வகையில் விழுந்தால், அந்த ஓட்டத்தில் எடுத்த ரன் செல்லாது. கப்ஸின் இரண்டாவது பேஸ் வீரர் ஜானி எவர்ஸுக்கு இந்த விதி மனப்பாடம். பந்தைக் கேட்டுக் கத்தினார். ஜயன்ட்ஸின் ஜோ மெக்கினிட்டி குறுக்கே புகுந்து பந்தைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்றும், பிறகு எவர்ஸ் கைக்கு வந்தது அதே பந்துதானா என்பதே சந்தேகம் என்றும் பல கதைகள் உண்டு. ஏதோ ஒரு பந்தோடு எவர்ஸ் இரண்டாவது பேஸில் நின்றார். நடுவர் ஹாங்க் ஓடே, மெர்க்கிள் அவுட், ரன் செல்லாது என்று தீர்ப்பளித்தார். கூட்டத்தை வெளியேற்றி ஆட்டத்தைத் தொடர முடியாததால் அது சமநிலையாக அறிவிக்கப்பட்டது.

இதில் மெர்க்கிளின் குற்றம் எவ்வளவு? விதிப்படி முழுமையாக அவர் தவறுதான். ஆனால் வெற்றி ரன் வந்ததும், உள்ளே பாயும் கூட்டத்துக்கு முன்னால் ஓடித் தப்பிப்பது அன்றைய வீரர்களின் வழக்கமாக இருந்தது. அந்த விதியை யாரும் அப்படி அமல்படுத்திக்கொண்டிருக்கவில்லை. மூன்று வாரங்கூட ஆகவில்லை, செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் கப்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பைரேட்ஸின் கில் என்பவர் இதையே செய்தார். எவர்ஸ் அன்றும் பந்தோடு இரண்டாவது பேஸில் நின்று முறையிட்டார். அன்றும் நடுவர் இதே ஓடேதான். தாம் அதைப் பார்க்கவில்லை என்று கூறி அவர் ரன்னை ஏற்றுக்கொண்டார். கப்ஸின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதாவது நடுவரும் எவர்ஸும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். 19 வயதுப் பையனுக்கு மட்டும் அது தெரியாது.

பருவம் முடிந்தபோது ஜயன்ட்ஸும் கப்ஸும் தலா 98 வெற்றி, 55 தோல்வியோடு சமமாக நின்றன. சமநிலையில் முடிந்த ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆட நேர்ந்தது. கப்ஸ் 4-2 என்று வென்று, வேர்ல்டு சீரிஸுக்கு (இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குப் பட்டம் தரும் இறுதித் தொடர்) போய் டெட்ராய்ட்டையும் தோற்கடித்தது. நியூயார்க் பத்திரிகைகள் மெர்க்கிளை மூளையில்லாதவன் என்று எழுதின. அந்தப் பட்டப்பெயர் அவரை விட்டு நீங்கவேயில்லை. ஆனால் பதிவேட்டைப் புரட்டினால், அந்த ஆட்டத்துக்குப் பிறகும் ஜயன்ட்ஸ் பட்டத்தை வெல்ல வழி இருந்தது தெரியும். ஃபிலடெல்ஃபியா அணியின் இளம் பிட்சர் ஹாரி கொவெலெஸ்கி ஐந்து நாள்களில் மூன்று முறை அவர்களைத் தோற்கடித்தார். அந்த மூன்றில் ஒன்றை வென்றிருந்தால் மெர்க்கிள் என்ற பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது. ஜயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா இதை அறிந்திருந்தார். கோபத்துக்குப் பேர்போன அவர் மெர்க்கிளைக் கடிந்துகொள்ளவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துப் பல ஆண்டுகள் அணியில் வைத்துக்கொண்டார். மெர்க்கிள் ஐந்து வேர்ல்டு சீரிஸ்களில் ஆடினார். ஐந்திலும் அவர் இருந்த அணி தோற்றது.

அந்த ஐந்தில் ஒன்று 1912ஆம் ஆண்டுத் தொடர். ஒரு ஆட்டம் இருட்டிப்போனதால் சமநிலையில் முடிந்ததால், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் அக்டோபர் 16 அன்று எட்டாவது ஆட்டம் தேவைப்பட்டது. பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் 2-1 என்று முன்னிலை பெற்றது. பாஸ்டனின் முதல் பேட்டர் தூக்கியடித்த எளிய பந்தை நடுக்கள வீரர் ஃபிரெட் ஸ்னாட்கிராஸ் கைநழுவவிட்டார். அதற்கு அடுத்து வந்த ஹாரி ஹூப்பர் அடித்ததை அவர் ஓடிப் பிடித்தது, அன்றைய ஆட்டத்தின் மிக அரிய கேட்ச்களில் ஒன்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது யாருக்கும் நினைவில்லை. பிறகு ட்ரிஸ் ஸ்பீக்கர் உயர்த்தி அடித்த ஒரு ஃபவுல் பந்து (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி; பிடித்தால் அவுட்) முதல் பேஸ் பக்கம் இறங்கியது. பிட்சர் மேத்யூசன், கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) மேயர்ஸ், முதல் பேஸில் நின்ற மெர்க்கிள் ஆகிய மூவருக்கும் நடுவில் அது விழுந்தது. பிழைக் கட்டத்தில் அதற்கு இடமில்லை. மறுவாழ்வு பெற்ற ஸ்பீக்கர் ஒரு ஹிட் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார், சற்று நேரத்தில் பாஸ்டன் 3-2 என்று வென்றது. வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் கிடைத்த பரிசுத்தொகைகளின் வித்தியாசத்தை வைத்து, ஸ்னாட்கிராஸ் விட்ட பந்துக்கு ‘30,000 டாலர் நழுவல்’ என்று பெயர் சூட்டினார்கள். அவர் பிறகு கலிஃபோர்னியாவில் வங்கித் தொழிலில் ஈடுபட்டு, ஆக்ஸ்நார்டு நகரத்தின் மேயராகவும் இருந்தார். 1974இல் 86 வயதில் அவர் காலமானபோது வெளிவந்த இரங்கல் செய்தியின் தலைப்பில் மேயர் பதவி இல்லை. 1912இல் விட்ட பந்துதான் இருந்தது.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் ரால்ஃப் பிராங்காவின் கதை வேறு வகை. அவர் எந்தப் பந்தையும் நழுவவிடவில்லை. 1951 ஆகஸ்ட் 11 அன்று நேஷனல் லீகில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 13 ஆட்டங்களுக்கும் மேலான முன்னிலையில் இருந்தது. அதன்பின் ஜயன்ட்ஸ் தொடர்ச்சியாக 16 ஆட்டங்களை வென்றது. கடைசி 44இல் 37ஐ வென்று டாட்ஜர்ஸை எட்டிப் பிடித்தது. முடிவுக்கு மூன்று ஆட்டத் தொடர் ஒன்று தேவைப்பட்டது. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 3 அன்று, அதே போலோ கிரவுண்ட்ஸில். ஜயன்ட்ஸ் பேட் செய்யும் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி தொடங்கியபோது டாட்ஜர்ஸ் 4-1 என்று முன்னணியில் இருந்தது. மூன்று ஹிட்களில் அது 4-2 ஆனது. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஜயன்ட்ஸ் வீரர்கள் நின்றார்கள். களைத்துப்போன பிட்சர் டான் நியூகாமை மாற்ற டாட்ஜர்ஸ் மேலாளர் சார்லி டிரெசன் முடிவு செய்தார். கார்ல் எர்ஸ்கின், பிராங்கா இருவரும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எர்ஸ்கின் ஒத்திகையில் எறிந்த வளைபந்து தரையில் குத்தியது என்ற தகவல் தொலைபேசியில் வந்ததும், பிராங்காவை அனுப்பச் சொன்னார் டிரெசன். பேட்டர் பாபி தாம்சன். இரண்டு நாள்களுக்கு முன் இந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் இதே பிராங்காவின் பந்தை ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது; பேஸ்களில் நிற்பவர்களும் ரன் எடுப்பார்கள்) அடித்தவர். அடிக்க முடியாத பந்துகளாக எறிந்து அவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டுவிட்டு, அடுத்து காத்திருந்த 20 வயதுப் புதுமுகமான வில்லி மேஸுக்கு எறிந்திருக்கலாம். வெற்றி ரன்னைத் தாமே பேஸில் ஏற்ற வேண்டாம் என்று டிரெசன் தயங்கினார்.

இரண்டாவது பந்தைத் தாம்சன் இடப்புறப் பார்வையாளர் பகுதிக்குள் அனுப்பினார். 5-4. வானொலி வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் பட்டத்தை வென்றுவிட்டது என்ற ஒரே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் கத்திய அந்தக் குரல் இன்றும் ஒலிபரப்பாகிறது. டாட்ஜர்ஸ் வீரர்கள் தலைகுனிந்து வெளியேற, ஜாக்கி ராபின்சன் மட்டும் இடுப்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றார். தாம்சன் ஒவ்வொரு பேஸையும் முறையாகத் தொடுகிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தார். 43 ஆண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் மெர்க்கிள் தொடாமல் விட்ட பேஸ் அவருக்கு நினைவுக்கு வந்ததோ இல்லையோ, ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பாத ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

21 வயதில் ஒரே பருவத்தில் 21 வெற்றிகளைப் பெற்ற பிட்சராக இருந்த பிராங்கா, அன்று முதல் ஒரே ஒரு பந்தை எறிந்தவர் ஆனார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜாஷுவா பிரேகர் எழுதிய செய்திக் கட்டுரை இந்தக் கதையின் மறுபக்கத்தைத் திறந்தது. 1951 ஜூலையிலிருந்து ஜயன்ட்ஸ் தங்கள் மைதானத்தில், நடுக்களத்துக்கு அப்பால் இருந்த உடைமாற்றும் அறையின் ஜன்னலில் தொலைநோக்கி வைத்து, எதிரணிக் கேட்சர் விரல்களால் காட்டும் சைகைகளைப் படித்து, மின்மணி மூலம் தங்கள் ஆட்களுக்குத் தெரிவித்து வந்திருந்தது. அடுத்து எந்த வகைப் பந்து வரும் என்பது பேட்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தமக்குத் தகவல் எதுவும் வரவில்லை என்று தாம்சன் கூறினார். பிராங்காவுக்கோ இந்த விஷயம் 1950களிலேயே காதுக்கு எட்டியிருந்தது. தோற்றவன் அழுகிறான் என்ற பெயர் வேண்டாம் என்று அவர் வாய் திறக்கவில்லை. இருவரும் நண்பர்களாகி, பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து அந்த ஹோம் ரன் படத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

பில் பக்னரின் பெயர்தான் இந்த வரிசையில் மிகவும் கனமானது. 1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டம். 1918க்குப் பிறகு பட்டம் காணாத பாஸ்டன் ரெட் சாக்ஸ், மெட்ஸ் அணிக்கு எதிராக மூன்றுக்கு இரண்டு என்று முன்னணியில் இருந்தது. பத்தாவது இன்னிங்ஸில் 5-3. மெட்ஸின் முதல் இருவரும் அவுட். ஸ்கோர்போர்டில் ரெட் சாக்ஸுக்கான வாழ்த்துச் செய்தி ஒரு கணம் மின்னி மறைந்தது என்பார்கள்.

பலர் நினைவில் வைத்திருப்பது இது: மூக்கி வில்சன் மெதுவாக உருட்டிய பந்து முதல் பேஸில் நின்ற பக்னரின் கால்களுக்கு நடுவே சென்றது, ரெட் சாக்ஸ் கோப்பையை இழந்தது. பதிவேடு சொல்வது இது: கார்ட்டர், மிட்செல், நைட் ஆகிய மூவரும் அடுத்தடுத்து ஹிட் அடித்து 5-4 ஆக்கினார்கள். அதுவரை எறிந்த கால்வின் ஷிரால்டிக்குப் பதிலாக வந்த பாப் ஸ்டான்லி, வில்சனுக்கு எறிந்த பந்து ஒன்று கேட்சரைக் கடந்து ஓடியது. மிட்செல் ஹோமுக்கு வந்துவிட்டார். 5-5. பக்னரை நோக்கிப் பந்து உருண்டபோது முன்னிலை ஏற்கெனவே கரைந்துபோயிருந்தது. அவர் அதைப் பிடித்திருந்தாலும், வேகமாக ஓடக்கூடிய வில்சனை முந்தியிருப்பாரா என்று இன்றும் வாதாடுகிறார்கள். பிடித்து அவுட்டாக்கியிருந்தால் ஆட்டம் பதினொன்றாவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். இது ஆறாவது ஆட்டம் என்பதும் மறந்துபோகிறது. 27ஆம் தேதி நடந்த ஏழாவது ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னிலை பெற்று, 8-5 என்று தோற்றது.

பக்னர் அந்த இடத்தில் நின்றிருக்கவே கூடாது என்பது இன்னொரு வாதம். 1975இல் ஏற்பட்ட கணுக்கால் காயம் அவரை விட்டு நீங்கவில்லை. 1986இல் அவர் நொண்டிக்கொண்டுதான் ஆடினார். அந்தத் தொடரில் அணி வென்ற ஆட்டங்களில், கடைசி இன்னிங்ஸ்களில் மேலாளர் ஜான் மக்நமாரா அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை இறக்கியிருந்தார். அன்று மட்டும் இறக்கவில்லை. அந்த முடிவுக்குப் பிழைக் கட்டத்தில் இடமில்லை. பக்னரின் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு எண் எழுதப்பட்டது.

அவர் 22 பருவங்கள் ஆடி 2,715 ஹிட்களை அடித்தவர். புகழ்பெற்ற பேட்டர்களில் டெட் வில்லியம்ஸ் அடித்தது 2,654. ஜோ டிமாஜியோ 2,214. சராசரியில் அவர்கள் வேறு உயரத்தில் இருப்பவர்கள் என்பதையும், பக்னர் மிக அதிக ஆட்டங்கள் ஆடினார் என்பதையும் ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். 1980இல் நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்ற அவர், தம் வாழ்நாளில் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று பந்துகளைத் தவறவிட்டு வெளியேறுவது) ஆனதே இல்லை. ஏளனம் அவரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் துரத்த, 1990களில் பாஸ்டனை விட்டு ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். ரெட் சாக்ஸ் 2004இலும் 2007இலும் கோப்பையை வென்ற பிறகு, 2008 ஏப்ரல் 8 அன்று ஃபென்வே பார்க்கில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தைச் சம்பிரதாயமாகத் தொடங்கிவைக்கும் பந்தை எறிய அவரை அழைத்தார்கள். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எறிந்தார். அந்த மன்னிப்பு இரண்டு கோப்பைகள் கைக்கு வந்த பிறகே கிடைத்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

2003இல் இந்தப் பழி மைதானத்தைத் தாண்டிப் பார்வையாளர் இருக்கை வரை போனது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், வேர்ல்டு சீரிஸை எட்ட ஐந்தே அவுட்கள் மிச்சமிருந்த கப்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருக்கையில், ஓரமாக வந்த ஃபவுல் பந்துக்கு ஒரு ரசிகர் கை நீட்டினார். ஃபீல்டர் மொய்சஸ் அலூவால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதே இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலெஸ் நழுவவிட்ட பந்து பதிவேட்டில் பிழையாகவே இருக்கிறது. ஃபுளோரிடா மார்லின்ஸ் எட்டு ரன்கள் எடுத்தது. மறுநாள் இன்னொரு ஆட்டம் இருந்தது, அதிலும் கப்ஸ் தோற்றது. ஆனால் காவல்துறைப் பாதுகாப்போடு வெளியேற வேண்டியிருந்தவர் அந்த ரசிகர்தான். அவர் பெயர் ஊரறிந்தது; தம்மை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்ட மனிதர் என்பதால் இங்கே எழுதவில்லை. 1908க்குப் பிறகு 108 ஆண்டுகள் கழித்து 2016இல் கப்ஸ் பட்டம் வென்ற பிறகு, வீரர்களுக்குக் கொடுத்ததைப் போன்ற வெற்றி மோதிரம் ஒன்றை அவருக்கும் கொடுத்தது.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்தது இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது. வெனிசுவேலா நாட்டவரான அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்து அணியின் 26 பேட்டர்களை வரிசையாக வெளியேற்றியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட்டானால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. எதிரணியில் ஒருவர்கூட எந்த வகையிலும் முதல் பேஸை எட்டாத ஆட்டம். அதற்கு முன் பெரிய லீக் வரலாற்றில் அது 20 முறைதான் நிகழ்ந்திருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் அடித்தபோது நடுக்கள வீரர் ஆஸ்டின் ஜாக்சன், முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்து அதைக் காப்பாற்றியிருந்தார். 27ஆவது பேட்டர் ஜேசன் டொனால்டு உருட்டியடித்ததை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகா முதல் பேஸில் வாங்கி மிதித்தார். டொனால்டு ஓரடி பின்னால் இருந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் கைகளை விரித்து, அவுட் இல்லை என்றார்.

கலராகா சிரித்தார். கத்தவில்லை, தொப்பியைத் தரையில் அடிக்கவில்லை. பிட்சர் மேட்டுக்குத் திரும்பிப் போய் அடுத்த பேட்டரை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். ஒளிப்பதிவைப் பார்த்த ஜாய்ஸ், அந்த இளைஞரின் பெர்ஃபெக்ட் கேமைத் தாம் பறித்துவிட்டதாகச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் ஆட்டத்துக்கு முன், அணிப் பட்டியல் தாளை அவரிடம் கொடுக்க மேலாளருக்குப் பதிலாகக் கலராகாவே வந்தார். ஜாய்ஸ் அழுதுகொண்டே அதை வாங்கினார். தீர்ப்பை மாற்றி எழுதலாம் என்று பலர் கேட்டும், லீக் ஆணையர் பட் செலிக் மாற்றவில்லை. ஆகையால் பதிவேட்டில் அந்த ஆட்டம் கிளீவ்லாந்துக்கு ஒரே ஒரு ஹிட் என்றுதான் இருக்கிறது. டெட்ராய்ட்டின் பிழைக் கட்டத்தில் 0. நடுவரின் பிழையை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.